சிகிச்சை நடக்கும்போது தோல் வறண்டு அரிக்கிறதா? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீமோ தொடங்கிச் சில வாரங்களில், ரேடியேஷன் பாதி முடியும்போது, டயாலிசிஸ் பழகிப்போகும் நேரத்தில் என்று, பெரும்பாலும் இப்படித்தான் அரிப்பு வந்து சேர்கிறது. மருத்துவமனையில் வாந்திக்கும் முடி உதிர்வுக்கும் பக்கம் பக்கமாகத் தாள் கொடுப்பவர்கள், தோலுக்கு இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிச்சத்தை உறவும் அக்கம்பக்கமும் நிரப்பிவிடும். அத்தை தேங்காய் எண்ணெய் என்பார், மேல்மாடி ஆன்ட்டி தைலக் குப்பியை நீட்டுவார், ஊரிலிருந்து வருகிறவர் ஒரு ட்யூபைக் கையில் திணிப்பார். இவற்றில் எது உதவும், எது கெடுக்கும், மாதம் எவ்வளவு செலவாகும், எப்போது க்ரீமை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பதை வரிசையாகத் தருகிறேன்.

இவ்வளவு ஈரக்காற்று உள்ள ஊரில் தோல் எப்படி வறளும் என்று கேட்பவர்கள் உண்டு. ஈரமெல்லாம் வெளியே. நாம் இருப்பது ஏர்கானில்: படுக்கையறை, எம்ஆர்டி, அலுவலகம், மருந்து ஏற்றும் அறை. போதாததற்கு, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துகள், தோலின் மேலடுக்கைப் புதுப்பிக்கும் செல்களையும் விட்டுவைப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் மந்தமாகின்றன. ஓடு பெயர்ந்த கூரைபோல, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

1. முதலில், இது வறட்சி அரிப்புதானா என்று பாருங்கள்

வறட்சியால் வரும் அரிப்பில் தோலே சாட்சி சொல்லும். முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் இடுப்புப் பக்கங்களிலும் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாக நிற்கும். குளித்த அரை மணி நேரத்தில் இழுத்துப் பிடிக்கும். க்ரீம் தடவியதும் கொஞ்சமாவது அடங்கும்.

தோல் வழவழப்பாக இருக்கிறது, தடிப்பு எதுவும் இல்லை, ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் கல்லீரலை நினையுங்கள். கண்ணில் மஞ்சள், கோலா நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பித்த வழி அடைபட்டிருக்கலாம். எத்தனை ஜாடி க்ரீம் பூசினாலும் அந்த அரிப்பு போகாது. அன்றே சிகிச்சைக் குழுவைக் கூப்பிடுங்கள்.

இரவில் மட்டும் உயிரை எடுக்கிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு பொரிகள், கூட இருப்பவரும் சொறிகிறார் என்றால் சொறிப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். தங்கும் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இது எளிதில் பரவும். இதற்குத் தனி மருந்து உண்டு. ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, புதிதாகச் சேர்ந்த மருந்து. மார்ஃபின் வகை வலி மருந்து அரிப்பைத் தரும். யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், வலிப்புக்கான கார்பமாசெபின், சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆகியவை தோலில் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, அரிப்பு எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள தாளை நீங்கள் கொடுக்க முடியாது.

இன்னொன்று, நம் நிறத்துக்கான எச்சரிக்கை. கையேடுகள் எல்லாம் "தோல் சிவந்தால்" என்று சொல்கின்றன. மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு தெரியாது. கருத்து, ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும். கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடு இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? வெளிர்நிறத் தோலில் அன்றே கண்டுபிடிக்கப்படும் அழற்சி நமக்குத் தாமதமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

2. இவை இருந்தால் க்ரீம் வேண்டாம், கிளம்புங்கள்

தோல் அரிப்பதைவிட அதிகமாக வலிக்கிறது, கொப்புளம் எழும்புகிறது, தோல் உரிகிறது, வாய், கண், பிறப்புறுப்பில் புண், தடிப்போடு காய்ச்சல், முகமும் உதடும் வீங்குகின்றன. இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 995.

கீமோவில் இருப்பவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டாலே அவசரம்தான். சொறிந்த கீறல் வழியாகக் கிருமி புகுந்திருக்கலாம். வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் சீழ்கூடக் கட்டாது. பெரும்பாலும் காய்ச்சல் மட்டுமே அடையாளம். பானடால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு "காலையில் பார்க்கலாம்" என்று படுப்பது இந்த வரிசையிலேயே மிக ஆபத்தான தவறு. முதலில் வெப்பமானி, பிறகு தொலைபேசி, சிகிச்சைக் குழு சொன்னால் மட்டும் மாத்திரை. கீமோ அட்டையோ மருந்துப் பட்டியலோ கையோடு இருக்கட்டும். பதிவு முகப்பிலேயே "கீமோவில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

3. குளியலைத் திருத்துங்கள்

நாளுக்கு இரண்டு, மூன்று முறை குளிப்பது இங்கே வழக்கம். வியர்வைக்கு அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு குளியலும் தோலின் எண்ணெயில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு முறை முழுக் குளியல், மற்ற நேரங்களில் வெறும் தண்ணீரில் ஓர் அலம்பல், அது போதும்.

நேரம் ஐந்திலிருந்து பத்து நிமிடம். வெந்நீர் அரிப்பை அந்த நேரத்துக்கு அடக்குவதுபோல் சுகமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் அதிகமாகத் திரும்பும். ஹீட்டரைக் குறைந்த எண்ணில் வையுங்கள், தண்ணீர் உடம்பில் பட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 9 முதல் 10 வரை. தோலுடையது 5 அளவில். சந்தனம், வேம்பு, மூலிகை என்று உறையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது சோப்புதான். வாசனையில்லாத, சோப்பு கலக்காத கிளென்சருக்கு மாறுங்கள். அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். குளிக்கும் தண்ணீரில் டெட்டால் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கிருமிக்குப் பயந்து செய்வது, தோலைப் பிளந்து கிருமிக்கே வழி விடுகிறது. நார், பீர்க்கங்கூடு, பயத்தமாவு, சீயக்காய் எல்லாவற்றுக்கும் சிகிச்சை முடியும்வரை விடுமுறை.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், க்ரீமைப் பூச வேண்டும். இந்த மூன்று நிமிடத்தைத் தவறவிடுபவர்கள்தான் "எந்த க்ரீமும் எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஆறு ஜாடி வாங்குகிறார்கள்.

4. க்ரீம்: பெயரைவிட அளவு முக்கியம்

கடைத் தட்டில் மூன்று வகை இருக்கும். லோஷனில் தண்ணீர் அதிகம், பரப்புவது எளிது, சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆயின்ட்மென்ட் கெட்டியான களிம்பு. ஈரத்தை நன்றாகப் பூட்டும், ஆனால் நம் புழுக்கத்தில் பிசுபிசுக்கும், வேர்க்குருகூட வரும். க்ரீம் இடைப்பட்டது. பகலில் க்ரீம், இரவில் ஏர்கான் அறையில் படுக்கும்போது கால், பாதம், முழங்கைக்கு ஆயின்ட்மென்ட் என்று பிரித்துக்கொண்டால் பலருக்கும் சரிப்படும். லோஷனை முடி அடர்ந்த இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உட்பொருள் பட்டியலில் கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், ஓட்ஸ் இவற்றைத் தேடுங்கள். தவிர்க்க வேண்டியவை வாசனைப்பொருள், ஆல்கஹால், லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும். யூரியா 10 விழுக்காடு கலந்த க்ரீம் தடித்த பாதத்துக்கும் உள்ளங்கைக்கும் நல்லது. வெடிப்பிலோ கீறலிலோ பட்டால் மிளகாய் வைத்ததுபோல் எரியும். "அன்சென்டட்" என்பதும் "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ" என்பதும் ஒன்றல்ல. முதல் வகையில் வாசனையை மறைக்க வேறு வாசனை கலந்திருக்கலாம்.

அக்குவஸ் க்ரீம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். இதில் பல தயாரிப்புகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. பூசி அப்படியே விட்டால் சிலருக்குத் தோலை இன்னும் மெலிதாக்கி எரிய வைக்கும். 2013இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிட அது தோதான பொருள். பூசி விடுவதற்கென்றால், அந்தப் பொருள் இல்லாத வகையா என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

மெந்தால் கலந்த க்ரீம்கள் குளிர்ச்சியால் அரிப்பை மறக்கடிக்கும். நேஷனல் ஸ்கின் சென்டரின் பங்களிப்போடு இங்கேயே உருவான சூ பாம் அந்த வகை. கீறல் விழுந்த தோலிலும், கண்ணருகிலும், ரேடியேஷன் படும் இடத்திலும் மெந்தால் வேண்டாம்.

இப்போது அளவு. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு, ஏறத்தாழ அரை கிராம். பெரியவர் ஒருவருக்குத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கைக்கு 3, ஓர் உள்ளங்கை–புறங்கைக்கு 1, ஒரு காலுக்கு 6, ஒரு பாதத்துக்கு 2, நெஞ்சும் வயிறும் 7, முதுகும் பின்புறமும் 7, முகமும் கழுத்தும் 2½. இரண்டு கை, இரண்டு காலையும் சேர்த்துக் கூட்டினால் 40½ விரல்நுனி, அதாவது ஒரு முறைக்கு ஏறத்தாழ 20 கிராம். நாளுக்கு இரண்டு முறை பூசினால் 40 கிராம். வாரத்துக்கு 280.

பெரும்பாலோர் வாங்குவது 50 கிராம் ட்யூப். அதை ஒரு மாதம் வைத்துக்கொள்கிறார்கள். சரியாகப் பூசினால் அது இரண்டாம் நாள் காலியாக வேண்டும். பலன் இல்லை என்று குறைப்படும் பலரிடம் ட்யூபை வாங்கிப் பார்த்தால் பாதி மிச்சம் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

பூசும் விதம்: முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக, நீவி விடுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் முடிக்கால் அடைத்துச் சிறு சீழ்க்கட்டிகள் வரும். ஜாடிக்குள் விரலை விடாதீர்கள், நோய் எதிர்ப்பு குறைந்த நேரம் இது. சுத்தமான கரண்டியால் தேவையானதைத் தட்டில் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். பம்ப் வைத்த பாட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. புதிய க்ரீமை முதலில் முன்கையின் உட்புறத்தில் நாணய அளவுக்கு இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு உடம்புக்குக் கொண்டுபோங்கள். மருந்து ஏற்றும் நாளன்று ஊசி குத்தும் கையிலும், போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் கருவி) வைத்த இடத்திலும் காலையில் க்ரீம் வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டாது.

இரண்டு விபத்துகளைத் தவிர்க்க வேண்டும். குளியலறையில் நின்றபடி காலுக்குக் க்ரீம் பூசினால் தரை வழுக்கும். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பூசுங்கள். அடுத்தது நெருப்பு. க்ரீமும் களிம்பும் ஊறிய துணி சட்டென்று பற்றிக்கொள்ளும், அணைப்பது கடினம், துவைத்தாலும் முழுதாகப் போகாது. பூசிய கையோடு பூஜையறையில் விளக்கேற்றுவது, கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிடுவது, அடுப்படியில் சேலைத் தலைப்போடு நிற்பது, சிகரெட் பற்றவைப்பது ஆகியவற்றில் கவனம் வேண்டும். விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும்.

5. வீட்டு வைத்தியத்தில் எதை வைத்துக்கொள்ளலாம்

தேங்காய் எண்ணெய்க்கு இடம் உண்டு. புண் இல்லாத வறண்ட தோலில், க்ரீம் பூசியபின் மேலே ஒரு மெல்லிய பூச்சு. வாசனை சேர்க்காத, புதிதாகத் திறந்த புட்டியாக இருக்கட்டும். கடுகெண்ணெய் எரிச்சல் தரும். ஆலிவ் எண்ணெய் விலைக்கேற்ற வேலை செய்வதில்லை, தோலின் தடுப்பை இளக்கிவிடுகிறது.

மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி அரைத்துப் பூசுவதை நிறுத்திவையுங்கள். தேக்காவில் வாங்கிய கீரையிலும் இலையிலும் மண் இருக்கும், மண்ணில் கிருமி இருக்கும். நல்ல தோலுக்கு அது ஒன்றும் செய்யாது. கீறல் விழுந்த, வெள்ளணு குறைந்த உடம்புக்குத் தாங்காது. மஞ்சள் தோலின் நிறத்தை மறைத்துவிடுவதால் தடிப்பை டாக்டர் பார்க்கவும் முடியாமல் போகிறது.

தைலங்கள், ஆக்ஸ் எண்ணெய், டைகர் பாம் எல்லாம் தசைவலிக்கு. வறண்ட தோலில் அவை நெருப்பு. கலமைன் லோஷன் பூச்சிக்கடிக்கு நல்லது, உலர்ந்து பொடியாகும்போது இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வேர்க்குருப் பவுடரும் அப்படியே. தீபாவளி நேரத்தில் கையில் போடும் கருப்பு மருதாணியில் தலைச்சாயத்தில் உள்ள ரசாயனம் கலந்திருக்கலாம், சிகிச்சையின்போது கூடாது.

ஊரிலிருந்து வரும் ட்யூபுக்கு வருவோம். படர்தாமரைக்கு, அரிப்புக்கு, முகம் வெளுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூபைப் பூசுகிறார்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அற்புதமாகக் குறையும், இரண்டு மாதத்தில் தோல் காகிதமாகும். இணையத்தில் "முழுக்க மூலிகை" என்று விற்கும் க்ரீம்களில் அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பூசியது பூசியதுதான், டாக்டரிடம் மறைக்காமல் ட்யூபைக் காட்டுங்கள்.

6. உங்கள் சிகிச்சைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

ரேடியேஷன். தோல் மாற்றம் இரண்டு, மூன்று வாரத்தில் தெரியத் தொடங்கும். கடைசி அமர்வு முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். முடிந்துவிட்டதே என்று க்ரீமை நிறுத்துகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எப்போது பூசலாம், அமர்வுக்கு எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று உங்கள் கதிர்வீச்சுப் பிரிவு சொல்வதே சட்டம். அந்த இடத்தில் விபூதி, குங்குமம், சந்தனம், பவுடர், பிளாஸ்திரி, ஐஸ், ஹீட்பேக், சவரக்கத்தி எதுவும் வேண்டாம். தோலில் போட்ட குறியீடுகளைத் தேய்த்து அழிக்காதீர்கள். நீச்சல் குளத்துக் குளோரினும் ஆகாது.

நுரையீரல் புற்றுநோய்க்கான மாத்திரைகள். கெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஓசிமெர்ட்டினிப் போன்றவை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் முகத்திலும் நெஞ்சிலும் முகப்பரு போன்ற பொரிகள் வரும். பார்க்கப் பரு, ஆனால் பரு இல்லை. பருவுக்கான ஜெல்லும் எலுமிச்சையும் தோலை எரித்துவிடும். வறட்சி அதற்குப் பிறகு வரும், நகக்கண் வெடிப்பும் சேரும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், பேருந்து நிறுத்தம் வரை போனாலும் பூசுங்கள். இரவில் பாதத்துக்குக் களிம்பு போட்டுப் பருத்திக் காலுறை. அரிப்பு தாங்கவில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. அளவைக் குறைப்பதா, ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதா என்று டாக்டரிடம் பல வழிகள் இருக்கின்றன.

கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. உள்ளங்கையும் பாதமும் மரத்து, எரிந்து, உரியும். முதல் நாளிலிருந்தே யூரியா க்ரீம் பூசத் தொடங்குவது நல்லது. வெடித்தபின் பூசினால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். இறுக்கமான செருப்பு, நீண்ட நடை, வெந்நீரில் பாத்திரம் கழுவுவது ஆகியவற்றைக் குறையுங்கள்.

இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை). பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவற்றில் அரிப்பு என்பது உடம்பின் எதிர்ப்பாற்றல் தோலையே தாக்குவதன் அடையாளமாக இருக்கலாம். சிறிது அரித்தாலும் சொல்லிவிட வேண்டும். மருந்து நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரும், ஆகவே வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "இம்யூனோதெரபி எடுத்திருக்கிறேன்" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ். இங்கே அரிப்பு பெரும்பாலும் உள்ளிருந்து வருவது, வறட்சி அதற்குத் துணை. மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, டயாலிசிஸ் முழு நேரம் நடக்கிறதா? "இன்று அரை மணி நேரம் முன்னாடியே கழற்றிவிடுங்கள் சிஸ்டர்" என்று கேட்டு வாங்குவதற்கு இரவில் வட்டி கட்ட வேண்டிவரும். இரண்டு, உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் பாஸ்பேட் என்ற உப்பு. அதைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. கோலா, சாசேஜ், நெத்திலி, பாக்கெட் உணவு இவற்றைப் பற்றி உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். மூன்று, பாராதைராய்டு ஹார்மோன் (கால்சியம், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவது) அளவு. தோல் வறண்டால் தண்ணீர் நிறையக் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது பொருந்தாது, உங்களுக்கு விதித்த அளவு விதித்ததுதான். ஃபிஸ்டுலா கையை (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த கை) ஊசி குத்துவதற்கு முன் க்ரீம் இல்லாமல் கழுவிக்கொள்ளுங்கள். இந்த அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை அவ்வளவாக வேலை செய்வதில்லை. கபாபென்ட்டின் போன்ற மருந்தைச் சிறுநீரக டாக்டர் மிகக் குறைந்த அளவில் தருவதுண்டு. வேறொருவருக்குக் கொடுத்ததை எடுத்துப் போடாதீர்கள், சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து தலைசுற்றி விழவைக்கும்.

7. இரவு அரிப்புக்கு

ஏர்கானை 25, 26இல் வையுங்கள், காற்று நேராக உடம்பில் அடிக்கக்கூடாது. நிறுத்திவிட்டுப் புழுங்கினாலும் அரிக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். பழைய, பலமுறை துவைத்த பருத்தி உடை. துணிக்குப் போடும் வாசனை சாஃப்ட்னரை நிறுத்தி, மெஷினில் ஒரு முறை கூடுதலாக அலசவிடுங்கள். க்ரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பூசும்போதே பாதி அரிப்பு அடங்கும். கை தானாகச் சொறியப் போனால், ஈரத்துண்டில் சுற்றிய குளிர் பொதியை ஐந்து, பத்து நிமிடம் வைத்து எடுங்கள், உடனே க்ரீம். சொறிவதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதும் பலிக்கும்.

தடிப்பு இருந்தால் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமை மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம், மருந்துச் சீட்டு தேவையில்லை. என்ன சிகிச்சையில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். இரண்டு கையளவு பரப்புக்கு ஒரு விரல்நுனி, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டீராய்டுக்கும் ஈரப்பத க்ரீமுக்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உடனுக்குடன் பூசினால் மருந்து நீர்த்து, தேவையில்லாத இடத்துக்கும் பரவும். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே பயந்து டாக்டர் எழுதியதைப் பூசாமல் வைப்பதும் தவறுதான்.

தூக்கம் தரும் பழைய அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகையில் விழுதல் ஆகியவற்றைக் கொண்டுவரும். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரைக்கும் சிறுநீரகம் பழுதானால் அளவு குறைக்க வேண்டும்.

8. டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் தூக்கம் கெடுகிறது என்றால் அடுத்த கட்டம். முதலில் சிகிச்சைக் குழுவின் தாதியிடம் சொல்லுங்கள், அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். தோல் நிபுணரிடம் அனுப்ப அவர்களே கடிதம் எழுதுவது சீக்கிரமான வழி. அது இல்லையென்றால் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் வைத்து நேரம் பதியலாம். கடிதம் இல்லாமல் நேராக நிபுணரிடம் போனால் சலுகை கிடைக்காது, தனியார் நோயாளிக் கட்டணம் விழும். முதல் சந்திப்புக்கான காத்திருப்பு வாரக்கணக்கில் இருக்கும், ஆகவே அரிப்பு உச்சத்துக்குப் போகும்முன் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பையில்: அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை, சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை, பரிந்துரைக் கடிதம், தொடங்கிய தேதிகளோடு மருந்துப் பட்டியல் (சித்தம், ஆயுர்வேதம், சீன மருந்து, சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து), பூசும் ட்யூபுகள் அத்தனையும். தடிப்பு வந்து போகும் குணமுள்ளது. சந்திப்பு நாளன்று மறைந்துவிடும். ஜன்னலோர வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு 50 காசு நாணயம் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், எத்தனை முறை விழித்தீர்கள் என்பது, இவை இரண்டு வாரத்துக்கு.

சொல்லும் சொல்லும் முக்கியம். அரிப்பு, நமைச்சல், எரிச்சல், குறுகுறுப்பு என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் மொழிபெயர்ப்பில் ஒரே "இட்சி" ஆக்கிவிடுகிறார்கள். எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் நரம்புக் கோளாறாக இருக்கலாம், வைத்தியமே வேறு. "பர்னிங்" என்றோ "பெயின்" என்றோ தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் அவர்களையே பேசவிட்டு, பிறகு மொழிபெயருங்கள்.

9. செலவுக் கணக்கு

கடையில் நீங்களாக வாங்கும் க்ரீமுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கிடையாது, கைக்காசுதான். எனவே ஜாடி விலையைப் பார்க்காமல் கிராம் விலையைப் பாருங்கள். 100 கிராம் ட்யூப் 20 வெள்ளி என்றால் கிராமுக்கு 20 காசு. வாரம் 280 கிராமுக்கு 56 வெள்ளி. 500 கிராம் ஜாடி 25 வெள்ளி என்றால் 5 காசு. வாரம் 14 வெள்ளி. நான்கு வாரத்தில் 224க்கும் 56க்கும் உள்ள வித்தியாசம். உடம்புக்கு ஜாடி, முகத்துக்கு மட்டும் விலை கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். ஜாடி ஒன்று பன்னிரண்டு நாள் வரும் என்று கணக்குப் போட்டு, கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி கடைகளில் இரண்டு வாங்கினால் சலுகை வரும் வாரத்தில் சேர்த்து எடுங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று தெரியாத க்ரீமில் மட்டும் முதலில் சின்ன ட்யூப்.

டாக்டரிடம் "ஈரப்பத க்ரீமையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள், பெரிய அளவாக" என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரு சின்ன ட்யூபோடு அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் விலையைக் கேட்டு, வெளிக்கடையோடு ஒப்பிட்டு, பிறகு பணம் கட்டுங்கள். கட்டமுடியாத நிலை என்றால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லலாம். குடும்ப வருமானச் சான்று, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) அறிக்கை போன்றவற்றைக் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது சட்டம். ஆனால் காப்புறுதி பெரும்பாலும் வார்டில் படுப்பதற்கும் பகல்நேர அறுவைக்குமானது. க்ரீம் செலவை யார் ஏற்பது என்று ரசீதை வைத்துக்கொண்டு நிறுவனத்தில் எழுத்தில் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின்னும் தோல் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். சொறிந்த இடங்களில் கருந்தழும்பு தங்கும். தானாக மங்கும், வெளுப்பு க்ரீம் பக்கம் போகாதீர்கள். ஜாடியின் அடியில் திறந்த மூடி படத்துக்குள் 6 அல்லது 12 என்று ஓர் எண் இருக்கும், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். திறந்த தேதியை மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.